லீஷ் கவுன்டியின் பழைய மேப் வாங்கப் போகிறீர்களா? பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

அயர்லாந்தில் லீஷ் கவுன்டியின் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் போல) போர்ட்லீஷ் ஊருக்கு நாங்கள் குடிவந்து நாலாவது வருஷம். பக்கத்துப் பண்ணை வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது நிறையப் போகிறது என்று தெரிந்ததும், அவர் ஊரின் பழைய மேப் ஒன்றை ஃபிரேம் போட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றியது. இணையத்தில் தேடினால் பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். சரியான தாள் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் ஒரு போலியை வாங்கினேன், ஒரு பார்சலுக்கு வரியைக் கூடுதலாகக் கட்டினேன், ஒரு நல்ல தாளைச் செல்லோடேப்பிடம் பறிகொடுக்கப் பார்த்தேன். நீங்கள் அந்த ஏழு மாதத்தை ஏழு வாரமாகச் சுருக்கிக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். லீஷை வைத்துச் சொன்னாலும், பக்கத்து ஆஃபலியோ, தள்ளியிருக்கும் லாங்ஃபோர்டோ, லீட்ரிமோ, எதற்கு வாங்கினாலும் முக்கால்வாசி பொருந்தும்.

1. எதைப் பார்க்க வாங்குகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். "எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது" என்று ஆரம்பிக்கிறோம். 1600களின் மேப்பில் பெரியவரின் ஊர் இருக்காது. 1837 கவுன்டி மேப்பில் ஊர் இருக்கும், அவர் நிலம் இருக்காது. அவர் பேச்சில் வருவதெல்லாம் டவுன்லேண்ட் பெயர்தான். டவுன்லேண்ட் என்பது ஊரைவிடச் சின்ன நிலப் பிரிவு. அயர்லாந்து முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு. கிராமப்புறத்தில் இன்றும் தபால் முகவரியில் அதுதான் வருகிறது. ஒரே தாளில் கவுன்டி முழுவதையும் அடக்கிய மேப்பில் அத்தனை பெயரை எழுத இடம் ஏது?

ஆகவே இரண்டில் ஒன்று. சுவரில் அழகாகத் தொங்க வேண்டும், கவுன்டியின் வடிவம் தெரிய வேண்டும் என்றால் கவுன்டி மேப். ஒரு வீடு, ஒரு சந்து, ஒரு சுண்ணாம்புக் காளவாய் தெரிய வேண்டும் என்றால் அரசு வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆறு அங்குலத் தாள். "ஆறு அங்குலம்" என்பது தாளின் அளவு அல்ல. ஒரு மைல் நிலத்தை ஆறு அங்குலத்தில் வரைந்தது, அதாவது 1:10,560. தாளில் படம் மட்டும் சுமார் 36 அங்குலம் அகலம், 24 அங்குலம் உயரம். விற்பவர்கள் இதை விளக்குவதில்லை. கொரியர்க்காரர் ஆளுயரக் குழாயோடு வந்து நிற்கும்போதுதான் பலருக்குப் புரிகிறது.

2. பெயரைச் சரியாகத் தேடுங்கள்

லீஷ் என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் எல், ஏ, ஓ, ஐ, எஸ் என்று எழுதுகிறார்கள். அப்படியே தேடினால் நல்ல மேப்புகளில் பாதி கண்ணில் படாது. அயர்லாந்து சுதந்திரம் அடையும் வரை இந்தக் கவுன்டியின் பெயர் குயின்ஸ் கவுன்டி. பக்கத்து ஆஃபலி கிங்ஸ் கவுன்டி. போர்ட்லீஷ் ஊரின் பெயர் 1929 வரை மேரிபரோ. ஆஃபலிப் பக்கம் பர் ஊரைப் பார்சன்ஸ்டவுன் என்றும் டேங்கன் ஊரை ஃபிலிப்ஸ்டவுன் என்றும் தேட வேண்டும். நடுவில் சில காலம் எல், ஈ, ஐ, எக்ஸ் என்ற எழுத்துமுறையும் புழங்கியது.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. வீட்டுப் பரணைக் காலி செய்து விற்பவர்களுக்குக் குயின்ஸ் கவுன்டிதான் லீஷ் என்று பல நேரம் தெரிவதில்லை. "குயின்ஸ்" என்றதும் நியூயார்க் என்று எண்ணித் தவறான பகுதியில் பட்டியலிட்டுவிடுகிறார்கள். நான் வாங்கிய மலிவான தாள் அப்படிச் சிக்கியதுதான்.

டவுன்லேண்ட் பெயரின் பழைய எழுத்துமுறைகளுக்கு லோகனம் என்ற அரசு ஊர்ப்பெயர்த் தரவுத்தளம் இருக்கிறது, இலவசம். தேடப்போகும் எழுத்துமுறைகளையெல்லாம் முதலிலேயே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. காசு கொடுக்கும் முன் இலவசமாகப் பாருங்கள்

டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டவுன் சர்வே (Down Survey, டவுன்லேண்டின் "டவுன்" அல்ல) தளத்தில் 1650களின் நில அளவை மேப்புகளைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அரசு வரைபடத் துறை 2023 மார்ச் முதல் டால்டே ஏரன் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் இணைய மேப்பில் பழைய ஆறு அங்குலத் தாளையும், பிறகு வந்த 25 அங்குலத் தாளையும் இன்றைய படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். டப்ளின் கில்டேர் தெருவில் தேசிய நூலகம் இருக்கிறது. வாசகர் அட்டைக்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டு போங்கள்.

இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் போதும். பெரியவரின் டவுன்லேண்ட் எந்த எண்ணுள்ள தாளில் வருகிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். தாளின் எண் தெரியாமல் வியாபாரியிடம் போவது வீண் அலைச்சல். "லீஷ் ஷீட் இருக்கா" என்று கேட்டால் கையில் இருப்பதைத் தள்ளிவிடுவார்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் தேடும் வீடு இரண்டு தாள்களின் ஓரத்தில் பாதி பாதியாக விழுந்திருக்கலாம். அப்படியானால் மூலத் தாளை மறந்துவிட்டு, வேண்டிய இடம் நடுவில் வரும்படி புதிய அச்சுப் பிரதி எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிரதியைப் பிரதி என்று சொல்லித் தருவது வேறு, மூலம் என்று ஏமாற்றி விற்பது வேறு.

4. சந்தையில் என்னென்ன கிடைக்கும், என்ன விலை

விலைகளெல்லாம் நான் தேடிய காலத்தில் அயர்லாந்து, இங்கிலாந்து வியாபாரிகளிடம் கண்டவை. நிலை மோசமானால் பாதியாகும், வண்ணமும் ஓரமும் நன்றாக இருந்தால் ஏறும்.

ஜான் ஸ்பீட். 1611-12 அட்லஸ். இதில் அயர்லாந்துக்கு மொத்தம் ஐந்தே மேப்: நாடு முழுவதற்கும் ஒன்று, நான்கு மாகாணங்களுக்கு நான்கு. தனிக் கவுன்டி மேப் கிடையாது. ஆகவே "ஸ்பீட் வரைந்த குயின்ஸ் கவுன்டி, 1610" என்று யாராவது விற்றால் அது மாகாண மேப்பிலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய புதுப் பிரதி. நான் ஏமாந்தது இதில்தான், 85 யூரோ போனது. லீஷ் வருவது லென்ஸ்டர் மாகாண மேப்பில். அதன் தலைப்பிலும் "கவுன்டி" என்ற சொல் இருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். மூலையில் டப்ளின் நகரப் படம் சின்னதாக இருக்கும். மூலத் தாள் என்றால் பல நூறு யூரோவில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும்.

வில்லியம் பெட்டி. 1685 அட்லஸ், கவுன்டி வாரியாக வந்த முதல் அயர்லாந்து அட்லஸ். குயின்ஸ் கவுன்டிக்குத் தனித் தாள் உண்டு. இருநூறு யூரோவுக்குக் கீழே நான் பார்க்கவில்லை. இதன் கையடக்கச் சிறு பதிப்பு சில வருஷம் கழித்து வந்தது. விற்பவர்கள் இரண்டையும் "பெட்டி" என்றே எழுதுகிறார்கள். அளவை செ.மீ.யில் கேட்டு வாங்குங்கள்.

டெய்லர் - ஸ்கின்னர். 1770களின் சாலை மேப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சாலை நாடா போல மேலேறிப் போகும், இரு பக்கமும் மாளிகைகளும் கனவான்களின் பெயர்களும் இருக்கும். பிரித்த பக்கங்கள் முப்பது நாற்பது யூரோவுக்குக்கூடக் கிடைக்கும். முதல்முறை வாங்குபவருக்கு என் ஓட்டு இதற்கே. காசு குறைவு, வயசு அதிகம், போலி அடித்து விற்க யாருக்கும் ஆர்வம் இல்லை.

சாமுவேல் லூயிஸ். 1837 அட்லஸ். கிரைட்டன் வரைந்தது, டவர் செதுக்கியது என்று அடியில் பெயர்கள் பொடியாக இருக்கும். ஐம்பதிலிருந்து நூறு யூரோ. எல்லாக் கவுன்டிக்கும் தாராளமாகக் கிடைக்கும் என்பதால் அவசரப்பட வேண்டாம். கறையுள்ளதை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருங்கள்.

1901இல் ஃபிலடெல்ஃபியாவில் அச்சான மெமோரியல் அட்லஸ். அமெரிக்காவுக்குப் போன அயர்லாந்துக்காரர்களுக்காகப் போட்டது. கண்ணைப் பறிக்கும் வண்ணம், இருபது முப்பது யூரோ. நிபுணர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். பிள்ளைகள் அறைக்கு இதைவிட நல்லது இல்லை.

ஆறு அங்குலத் தாள். 1833 முதல் 1846 வரை கவுன்டி கவுன்டியாக வெளியானது. வீடு, கோட்டை மேடு, கிணறு, காளவாய் எல்லாம் இருக்கும். நல்ல நிலையில் ஒன்றை எழுபது எண்பது யூரோவுக்குக் கண்டேன். ஃபிரேம் செலவு அதைப்போல மூன்று மடங்கு, பின்னால் சொல்கிறேன்.

5. தாளைச் சோதியுங்கள்

நேரில் பார்க்கப் போனால் பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், புற ஊதா டார்ச், செ.மீ. அளவுகோல் எடுத்துப் போங்கள். நாலும் சேர்ந்து முப்பது யூரோவுக்குள் முடியும்.

முதலில் பூதக்கண்ணாடி. ஒரு கோட்டையோ எழுத்தையோ பாருங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது என்றால் கோடு கருகருவென்று ஒரே ஓட்டமாக இருக்கும். முனையில் ஊசிபோல மெலியும். மை தாளின் மேல் மெல்லிய வரப்பாக நிற்கும். போலியில் அதே கோடு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாக உடைந்து வட்ட வட்டமாகக் கோலம் போட்டிருக்கும். என் 85 யூரோ தாளைக் கண்ணாடியில் பார்த்தபோது "மேரிபரோ" என்ற எழுத்தே ரங்கோலியாகத் தெரிந்தது. தாளை வாங்கும் முன் அந்தக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். 1901 அட்லஸ் போன்றவை கல்லச்சு. அவற்றில் ஒழுங்கில்லாத மணல்போன்ற புள்ளிகள் இருப்பது இயல்பு. அச்சு ஒழுங்காக அணிவகுத்த புள்ளிதான் ஆபத்து.

அடுத்து தகட்டுத் தடம். அச்சு எந்திரம் தகட்டைத் தாளில் அழுத்தியதால் படத்தைச் சுற்றி ஒரு பள்ளக் கோடு விழுந்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும். பழைய கவுன்டி மேப்புகள் பலவற்றை உள்ளே வரை வெட்டியிருப்பார்கள், ஆகவே தடம் இல்லாவிட்டால் போலி என்று சொல்லிவிட முடியாது. தடம் இருப்பதால் மட்டும் அசலும் ஆகிவிடாது, அதையும் செயற்கையாக அழுத்தலாம்.

பிறகு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். 1600களின் தாளில் நெருக்கமான கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டி ஏறக்குறைய ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு கோடும் தெரியும். ஸ்பீட் மேப்பானால் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான பதிப்புகளில் பின்பக்கம் முழுக்க எழுத்து அச்சாகியிருக்கும். நடுவில் மடிப்பும், அட்லஸில் தைத்த பட்டைக் காகிதத்தின் மிச்சமும் இருக்கும். பின்பக்கம் படம் அனுப்பச் சொன்னால் "ஃபிரேமில் இருக்கிறது, எடுக்க முடியாது" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

புற ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காகிதத்தில் வெண்மையூட்டிகள் சேர்க்கத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட தாள் சலவைச் சட்டை போல நீலமாக மின்னும். பழைய தாள் மங்கலாகவே கிடக்கும்.

வண்ணம் பற்றி ஒரு வார்த்தை. பழைய பச்சையில் செம்பு கலந்திருக்கும். அது வருஷக்கணக்கில் தாளைத் தின்று பின்பக்கம் பழுப்பாகத் தெரியும். முன்னால் பளிச்சென்ற பச்சையும் பின்னால் சுத்த வெள்ளையும் என்றால் வண்ணம் பெரும்பாலும் நேற்றுப் பூசியது. அதில் தப்பில்லை. ஆனால் அதை "காலத்து வண்ணம்" என்று சொல்லிக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

தேதி போடாத மேப்புக்கு லீஷில் ஓர் எளிய சோதனை உண்டு. ரயில் பாதை மேரிபரோவுக்கு 1847இல் வந்தது. ரயில் கோடு ஊர் வழியாக ஓடுகிறது, விற்பவர் 1837 என்கிறார் என்றால் இரண்டில் ஒன்று பொய். பழைய தகட்டிலேயே ரயிலை மட்டும் சேர்த்துப் பின்னாளில் அச்சடித்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் விலை குறைய வேண்டும். "போர்ட்லீஷ்" என்றே அச்சாகியிருந்தால் 1929க்குப் பிந்தையது.

6. எங்கே வாங்குவது

மேப் வியாபாரியிடம் விலை அதிகம், நிம்மதியும் அதிகம். ஏலத்தில் விலை குறைவு போலத் தெரியும். அந்தப் "போல"வைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுத்தியல் விழுந்த விலை 100 யூரோ என்று வையுங்கள். ஏலக் கட்டணம் 25 சதவீதம் என்றால் 25 யூரோ. அந்தக் கட்டணத்துக்கு 23 சதவீத வாட் 5.75. இணையத் தளம் வழியாகக் கை தூக்கினால் தளத்துக்கு 5 சதவீதம், அதற்கும் வாட், 6.15. ஆக 136.90. தபால் தனி. சதவீதம் இடத்துக்கு இடம் மாறும், விதிமுறைப் பக்கத்தைப் படித்துவிட்டே பதிவு செய்யுங்கள்.

லீஷில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. கவுன்டிக்குள்ளேயே டர்ரோவிலும், எல்லை தாண்டிக் கில்கென்னிப் பக்கம் காஸில்கோமரிலும் பழம்பொருள் ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முந்தைய நாட்களில் பொருளைப் பார்வைக்கு வைப்பார்கள். போங்கள், கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மேப்புகள் பல நேரம் தனியாக இருக்காது. "பலவகைத் தாள்கள், ஒரு கட்டு" என்று கடைசியில் வரும். நான் ஒரு கட்டைப் பிரித்தபோது மேலே குதிரைப் பந்தயப் படம், நடுவில் கருகிய தேவாலயப் படம், அடியில் மடித்துக் கிடந்தது குயின்ஸ் கவுன்டி. கட்டு மொத்தமும் 40 யூரோவுக்குப் போயிற்று.

சட்டத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்துக்கு அது பொருந்தாது, நீங்கள் வீட்டிலிருந்து கை தூக்கியிருந்தாலும் சரி. தனிநபர் விற்பனைக்கும் பொருந்தாது. என் போலித் தாளை விற்றவர் தனிநபர் கணக்கில் விற்றவர். பணம் திரும்பி வரவில்லை.

7. இங்கிலாந்திலிருந்து வாங்கினால் வரி

நல்ல மேப் கடைகளில் பல லண்டனிலும் மற்ற இங்கிலாந்து ஊர்களிலும் இருக்கின்றன. 2021 ஜனவரி முதல் அங்கிருந்து வருவது இறக்குமதி. பழைய மேப்புக்குச் சுங்கத் தீர்வை இல்லை, ஆனால் வாட் உண்டு. எந்த விகிதம் என்பதில்தான் காசு இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு அயர்லாந்தில் இறக்குமதி வாட் 13.5 சதவீதம். வெறும் "அச்சுப் படம்" என்று அறிவித்தால் 23 சதவீதம் போட்டுவிடுவார்கள். தபால் செலவோடு 150 யூரோ மதிப்பென்றால் முதலாவதில் 20.25, இரண்டாவதில் 34.50. அதற்கு மேல் கொரியரின் கையாளும் கட்டணம் தனி.

எனக்கு நடந்தது இதுதான். விற்றவர் படிவத்தில் "அலங்காரப் படம்" என்று எழுதிவிட்டார். திரும்பப் பெற மனு போட்டேன், மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன், பதினோரு வாரம் கழித்து வந்தது. கொரியர் கட்டணம் வரவில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் விற்பவருக்கு எழுதுங்கள்: படிவத்தில் "100 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய அச்சு வரைபடம்" என்று எழுத வேண்டும், அச்சான வருஷத்தைக் குறிப்பிட வேண்டும், சுங்கக் குறியீடு 9706 என்று போட வேண்டும். 250 வருஷத்துக்கு மேற்பட்டதற்கு 9706.10, மற்றதற்கு 9706.90. விலைப்பட்டியலின் ஒரு பிரதியைப் பார்சலுக்கு வெளியே ஒட்டச் சொல்லுங்கள். "பரிசு என்று எழுதிவிடவா" என்று அன்பாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். தொலைந்தால் காப்பீடும் கிடைக்காது, பிடிபட்டால் விளக்கமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெல்ஃபாஸ்ட் உள்பட வட அயர்லாந்துக் கடையில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. சரக்கு விஷயத்தில் அது ஒன்றியத்தின் வாட் விதிக்குள்தான் இருக்கிறது. ஆனால் மேப் அங்கிருந்தே அனுப்பப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடை பெல்ஃபாஸ்டில், கிடங்கு இங்கிலாந்தில் என்றும் இருக்கும்.

நாளைக்குச் சொந்த ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: 200 வருஷத்துக்கு மேற்பட்ட அச்சு மேப், மதிப்பு 15,000 யூரோவுக்கு மேல் என்றால் ஒன்றியத்தைவிட்டு வெளியே கொண்டு போக உரிமம் வேண்டும். நம் பையில் இருக்கும் சரக்குக்கு அந்தப் பயம் இல்லை. விலைப்பட்டியல் கையில் இருந்தால் போதும்.

8. என்னென்ன காகிதம் வாங்கிக்கொள்ள வேண்டும்

விலைப்பட்டியலில் மேப்பின் தலைப்பு, வரைந்தவர் பெயர், எந்த அட்லஸிலிருந்து எடுத்தது, அச்சான வருஷம், அளவு, வண்ணம் எப்போது பூசியது, பழுதுகள் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "1610" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். ஸ்பீட் மேப்பின் தகட்டில் 1610 என்று இருக்கும், அதே தகட்டில் 1676இலும் அச்சடித்தார்கள். தகட்டின் வருஷம் வேறு, தாளின் வருஷம் வேறு. மேப்பின் அடியில் இருக்கும் பதிப்பாளர் பெயர் அதைச் சொல்லும்: சட்பரி - ஹம்பிள் என்றால் முந்தையது, பாசெட் - சிஸ்வெல் என்றால் 1676. இந்த இரண்டுக்கும் இடையே விலை வித்தியாசம் உண்டு.

விவரிப்பில் "பாணி", "வழிவந்த", "நினைவாக" போன்ற சொற்கள் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அவையெல்லாம் "அசல் இல்லை" என்பதைச் சொல்லாமல் சொல்லும் சொற்கள்.

9. ஃபிரேம்

இத்தனை கஷ்டப்பட்டு வாங்கியதைக் கெடுப்பது பெரும்பாலும் ஃபிரேம் கடைதான். நான் முதலில் கொடுத்த கடையில் தாளின் பின்னால் மேல்விளிம்பு நெடுக செல்லோடேப் ஒட்டி அட்டையில் தொங்கவிட்டிருந்தார்கள். சந்தேகப்பட்டு அன்றே பிரித்துப் பார்த்ததால் தப்பியது. ஒரு வருஷம் விட்டிருந்தால் பசை ஊறி மஞ்சள் பட்டை முன்பக்கமே தெரிந்திருக்கும், அதை எடுக்கக் காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் மேப்பின் விலையைவிட அதிகம் அழ வேண்டியிருக்கும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: அமிலமில்லாத மவுன்ட் அட்டை உண்டா, தாளை ஜப்பானியக் காகிதக் கீலும் கோதுமை மாவுப் பசையும் வைத்துத் தொங்கவிடுவீர்களா, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி உண்டா. "சூடு வைத்து அட்டையில் ஒட்டிவிடலாம், சுருக்கமே இருக்காது" என்று சொன்னால் மேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஓரத்தை "நேராக்க" வெட்டவும் அனுமதிக்காதீர்கள். ஓரம் போனால் விலையில் பாதி போகும்.

லூயிஸ் அளவு சின்ன மேப்புக்கு இப்படிச் செய்ய எனக்கு 110 யூரோ ஆனது. ஆறு அங்குலத் தாளுக்கு 240. மூன்று வாரம் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. நவம்பரில் கொடுத்தால் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ஜனவரிதான்.

மாட்டும் இடம்: வெளிச்சுவர் வேண்டாம், இங்கே குளிர்காலத்தில் வியர்க்கும். அடுப்புக்கு மேலும் வேண்டாம். மாடிப்படி அருகே உள்சுவர், ஜன்னல் வெயில் படாத பக்கம், அதுதான் சரி. பழுப்புப் புள்ளிகள் தாளில் ஏற்கெனவே இருந்தால் வீட்டிலேயே வெளுக்க முயலாதீர்கள். புள்ளியோடு வாழலாம்.

10. கால அட்டவணை

தேடலுக்கும் தாள் எண்ணைக் கண்டுபிடிக்கவும் இரண்டு வாரம். நல்ல பிரதி கண்ணில் படக் கவுன்டி மேப்புக்கு ஒரு மாதம், ஆறு அங்குலத் தாளுக்கு மூன்று நாலு மாதம்கூட ஆகும். இங்கிலாந்துப் பார்சலுக்குச் சுங்கத்தோடு பத்து நாள். ஃபிரேமுக்கு ஐந்து வாரம். நாள் குறித்த பரிசு என்றால் அரை வருஷத்துக்கு முன்பே தொடங்குங்கள். லூயிஸ் மேப் என்றால் இரண்டு மாதம் போதும்.

எனக்குப் பிறந்தநாள் தப்பிவிட்டது. ஆறு வாரம் கழித்துத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் கவுன்டி, தேதி எதையும் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மூக்கு இடிக்கும் அளவு குனிந்து, சந்தின் ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஒரு சின்னக் கறுப்புச் சதுரத்தில் நின்றார். அது அவர் வீடு இல்லையாம். அவர் தாத்தா காலத்திலேயே இடிந்துபோன பக்கத்து வீடு. அந்தக் கல்லெல்லாம் இப்போது எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் மதிலில்தான் இருக்கிறது என்றார்.

விலைப்பட்டியலை ஓர் உறையில் போட்டுத் தனியாகக் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஃபிரேமின் பின்னால் ஒட்டினால் அதன் பசையும் தாளுக்குள் இறங்கும்.